கையை எடுக்கும் நேரம்

போன கோடை விடுமுறையில் அக்கா மகன் ஒரு ரோபோ செய்தான். சினிமாவில் வருகிற மாதிரி ஆள் உயரத்துக்கு எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். செருப்புப் பெட்டி அட்டையில் வெட்டிய ஒரு தட்டு. இருபுறமும் கடைக்காரர்கள் ‘பி.ஓ. மோட்டார்’ என்று சொல்லும் மஞ்சள் மோட்டார் இரண்டு. பின்னால், ஆபீஸ் நாற்காலியின் காலில் இருப்பதுபோல் எந்தப் பக்கமும் திரும்பும் குட்டிச் சக்கரம். நடுவில் ஆர்டுயினோ பலகை. முன்னால், எதிரே இருப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும் சென்சார். எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியவை. பை தூக்கியது நான். சால்டரிங் வைக்கும்போது கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டு, அக்காவுக்குத் தெரியாமல் இரண்டு நாள் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டான்.

ஒரு சாயங்காலம் “மாமா, இங்க வாங்க” என்று கூப்பிட்டான். வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டான். இரண்டு சக்கரமும் விர்ரென்று சுழன்றன. சென்சாருக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினால் ஒரு சக்கரம் நின்றது, மற்றது மட்டும் சுற்றியது. “பிரமாதம்டா” என்றேன். கீழே வைத்தான். வண்டி ஒருமுறை உதறியது, நின்றது. மறுபடி உதறியது, நின்றது. தூக்கினான், ஓடியது. வைத்தான், நின்றது.

“கையில இருக்கும்போது நல்லாத்தான் ஓடுது மாமா.”

மூன்று நாள் அவன் முகம் சரியில்லை. நிரலை வரிவரியாகப் படித்தான். ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மறுபடி செருகினான். கடைசியில் குற்றவாளி, யாரும் சந்தேகப்படாத இடத்தில் உட்கார்ந்திருந்தது. சின்னச் செங்கல் மாதிரி இருக்கும் 9 வோல்ட் பேட்டரி. அது மல்டிமீட்டர் மாதிரி கொஞ்சமாகக் குடிக்கிற கருவிகளுக்கானது. சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது அதற்குச் சுமை இல்லை. மோட்டார் கேட்பதும் கொஞ்சம்தான். தரையில் வைத்தால் வண்டியின் எடை, தரையின் உராய்வு, நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற திணறல் எல்லாம் சேர்ந்து மோட்டார் ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் கேட்கிறது. பேட்டரியால் முடியவில்லை. வோல்ட் சரிகிறது, பலகை அணைகிறது, உயிர் வந்து மறுபடி முயல்கிறது, மறுபடி அணைகிறது. வண்டி உதறியது அதனால்தான். பென் டார்ச்சுக்குப் போடும் செல் நான்கை ஒரு பெட்டியில் அடுக்கி மாட்டினான். ஓடியது. நேராகப் போய்க் கட்டில் காலுக்கு ஒரு சாண் முன்னால் தயங்கி, திரும்பியது.

பழுது தீர்ந்துவிட்டது, அவன் சொன்ன வாக்கியம்தான் என்னை விடவில்லை. கையில் இருக்கும்வரை எதுதான் ஓடாது?

மானாமதுரைக் கடம் செய்கிறவர்களை நினைத்துக்கொண்டேன். சக்கரத்தில் வனைந்த பானையை எடுத்து, உள்ளே ஒரு கையில் கல்லைத் தாங்கலாகப் பிடித்து, வெளியே மறு கையில் மரப்பலகையால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆயிரக்கணக்கான தட்டுகள். சுவர் எந்த இடத்திலும் தடித்தோ மெலிந்தோ போய்விடக் கூடாது. இதில் ஒரு விநோதம் உண்டு. செய்வது வாத்தியம். ஆனால் ஈர மண்ணுக்கு ஓசை கிடையாது. தட்டினால் ‘பொத்’ என்கிறது. காய்ந்தால் சுருங்கும், சூளையில் வெந்தால் இன்னும் சுருங்கும்; அதற்கப்புறம்தான் நாதம் என்று ஒன்று பிறக்கும். ஆக, காதில் விழாத ஒரு சுருதிக்காகத்தான் நாள் கணக்கில் கை தட்டிக்கொண்டிருக்கிறது. சூளையை மூடிய பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. விரிசல் விட்டால் விட்டதுதான். வேறு சுருதிக்குப் போய்விட்டால் வீணையின் பிருடையைத் திருகுவதுபோல் திருகிக் கொண்டுவரவும் முடியாது. கடத்துக்குத் திருகாணி கிடையாது.

சுவாமிமலையில் இன்னும் கடுமை. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிச் சேர்த்த மெழுகில், தென்னை ஓலையை மடித்து எடுத்த அளவுக்கு, விரல் நுனியால் ஒரு நடராஜரோ அம்மனோ உருவாகிறது. அதன்மேல் காவிரி வண்டலை அரைத்துப் பூசி, காயவைத்து, மேலும் மண் பூசி, கம்பி கட்டுகிறார்கள். வறட்டித் தீயில் சுடும்போது மெழுகு முழுக்க உருகி வெளியேறிவிடும். பார்த்துப் பார்த்துச் செதுக்கிய உருவம் போயே போயிற்று. மிஞ்சுவது மண்ணுக்குள் அதே வடிவில் ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குள் உருகிய உலோகத்தை மெல்லிய தாரையாக ஊற்றுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழி இல்லை. ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் பள்ளம் விழும். ஆறியபின் அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். பிறகு உளியும் அரமும் பிடித்துக் கை தன் வேலையைப் பல வாரம் தொடர்கிறது என்பது உண்மை. ஆனாலும் நடுவில் அந்தச் சில நிமிடம் கை விலகி நிற்கிறது. சிலை பிழைப்பதும் வீணாவதும் அப்போதே முடிவாகிறது.

இப்படி வீணாகக்கூடிய வேலையைப் பற்றி யோசித்தவர் டேவிட் பை என்ற மரவேலைக்காரர். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் பேராசிரியராகவும் இருந்தார். 1968இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில், கையால் செய்தது, இயந்திரத்தால் செய்தது என்ற பிரிவையே ஒதுக்கிவைத்தார். அது ஒன்றையும் விளக்குவதில்லை என்பது அவர் கட்சி. அவர் பிரித்தது வேறு மாதிரி: கடைசிக் கணம்வரை கெட்டுப்போகக் கூடிய வேலை, தொடங்கும்போதே முடிவு நிச்சயமாகிவிட்ட வேலை. பேனாவால் எழுதுவது முதல் வகை, அச்சடிப்பது இரண்டாவது என்று உதாரணம் சொன்னார். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வாசலில் புள்ளி வைத்து இழுக்கும் கோலமும் கடையில் விற்கும் ஸ்டிக்கர் கோலமும் போதும். இரண்டாவதில் இழை கோணவே கோணாது. அதனாலேயே அதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது. கைவினைக் கண்காட்சிகளில் “இது கையாலேயே செய்ததா?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வரும். சிலைப் பட்டறையில் இன்று மின்சார கிரைண்டரும் சுற்றுகிறது, அதனால் சிலைக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. கேட்க வேண்டிய கேள்வி, “இது எந்த இடத்தில் கெட்டுப்போயிருக்கும்?” என்பது. கேட்டுப் பாருங்கள். அதுவரை விலை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் உட்காரச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பிப்பார்.

அதே காரணத்தால்தான் கட்டணம் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் ரோபோ செய்யச் சொல்லித்தரும் வகுப்புகள்மேல் எனக்கு அவ்வளவாக மதிப்பு வரவில்லை. பெட்டியைப் பிரித்தால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்படி வந்திருக்கும். முப்பது பிள்ளைகள், முப்பது ரோபோ, முப்பதும் ஓடும். போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஸ்டிக்கர் கோலம்.

ஆனால் பை சொன்னதில் எனக்கு ஒரு குறை படுகிறது. அவர் கண் முழுக்க, வேலை செய்துகொண்டிருக்கும் கையின்மேல் இருக்கிறது. உளி வழுக்கும், பேனா பிசகும், ஆபத்து அங்கே என்கிறார். சூளையிலும் வார்ப்பிலும் செருப்புப் பெட்டி வண்டியிலும் நான் பார்த்த ஆபத்து, கையை எடுத்த பிறகு வருவது.

தமிழில் கைக்கு எத்தனை பெருமை! கைராசிக்காரர் என்கிறோம், கைப்பக்குவம் என்கிறோம், கைகண்ட மருந்து, கைதேர்ந்த ஆசாரி, கைவந்த கலை. நல்லதெல்லாம் கையில் சேர்கிறது. ‘கைவிட்டான்’ என்றால் மட்டும் துரோகம். பெற்றவரைக் கைவிட்டவன், கட்டியவளைக் கைவிட்டவன். மண்ணோடும் உலோகத்தோடும் பழகியவர்களுக்கு இந்தச் சொல் வேறு பொருள் தரும் என்று நினைக்கிறேன். விடுவதற்காகத்தான் அவர்கள் தொடுகிறார்கள்.

புதுக்கோட்டைப் பக்கம் அய்யனார் கோயில்களில் மண்குதிரைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். புரவி எடுப்புத் திருவிழாவுக்கு நாள் குறித்ததும் ஊர் சார்பில், குதிரை செய்யும் குயவரான வேளாரிடம் ஒரு பிடி மண் கொடுப்பார்கள். பிடிமண் என்றே பெயர். கையிலிருந்து கைக்கு மாறும் அந்த மண்ணிலிருந்துதான் குதிரை தொடங்குகிறது. கால்களை உருட்டி நிறுத்தி, மேலே மேலே மண் வைத்துத் தட்டி, உள்ளே கூடாக வளர்த்து, சுட்டு, வண்ணம் தீட்டி, கடைசியாகக் கண் திறக்கிறார்கள். கண் திறந்துவிட்டால் அது வேளாரின் குதிரை இல்லை. ஊர் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் நிறுத்தும். அவ்வளவுதான். மேலே கூரை கிடையாது. மழை பெய்யும், வெயில் காயும், ஒரு வருஷம் காது உதிரும், இன்னொரு வருஷம் கால் விழும். யாரும் ஒட்டவைப்பதில்லை. அடுத்த திருவிழாவுக்கு மறுபடி ஒரு பிடி மண்.  

உடைந்த குதிரைகளுக்கு நடுவில் நின்றபோது, வேளாருக்கு வருத்தமாக இருக்காதா என்றுதான் முதலில் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. குதிரையின் காலைத் தடிமனாக உருட்டியபோதே, தான் பக்கத்தில் இல்லாத மழைக்காலத்தையும் அவர் சேர்த்துத்தான் உருட்டியிருக்கிறார். கடம் தட்டுகிறவர் கேட்காத சுருதியைத் தட்டுகிறார். சிற்பி, உருகி ஓடப்போகிற மெழுகுக்கு விரல் நகம் செதுக்குகிறார். தான் இல்லாதபோது இது என்ன செய்யும் என்று விரலுக்கு முன்கூட்டியே தெரிவதற்குத்தான் தேர்ச்சி என்று பெயர். என் அக்கா மகனுக்கு அப்போது அது தெரியவில்லை. தூக்கிப் பிடித்திருந்த தன் கையும் வண்டியின் ஒரு பாகமாக வேலை செய்துகொண்டிருந்தது அவன் கணக்கில் வரவில்லை. எழுதுகிறவர்களுக்கும் இதே கதைதான்; வாசகர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்ல வந்தது என்னவென்றால் என்று விளக்க முடியாது.

விடுவதில் இழப்பு மட்டும்தானா? 1948, 49 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற மூளை ஆராய்ச்சியாளர் இரண்டு இயந்திர ஆமைகள் செய்தார். எல்மர், எல்சி என்று பெயர். போர் முடிந்து மலிவாகக் கிடைத்த மிச்சச் சாமான்கள், பழைய கடிகாரப் பல்சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு ரேடியோ வால்வு, வெளிச்சத்தை உணர ஒரு செல், மேலே ஓடு. மூன்று சக்கரம், நம் வீட்டு வண்டி மாதிரியே. வெளிச்சம் கண்டால் அதை நோக்கிப் போகும், மிக அருகில் கூசினால் விலகும், இடித்தால் பின்வாங்கும். ஸ்டியரிங் மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக மூக்கில் ஒரு சின்ன விளக்கு வைத்திருந்தார். ஆமை ஒருநாள் கண்ணாடிக்கு எதிரே வந்தபோது அந்த விளக்கின் பிம்பத்தைக் கண்டு அதை நோக்கிப் போயிற்று. வெளிச்சத்தைக் கண்டதும் மோட்டார் நிற்கும், விளக்கு அணையும்; அணைந்ததும் வெளிச்சம் போய்விட்டதென்று மறுபடி தேடும், விளக்கு மறுபடி எரியும். கண்ணாடி முன்னால் நின்று ஆமை கண் சிமிட்டிக்கொண்டு ஆடத் தொடங்கியது. யாரும் அதற்கு ஆடச் சொல்லித்தரவில்லை. தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்டதுபோல் அது நடந்துகொண்டதைப் பற்றி அவர் பிறகு எழுதவே செய்தார்.

விளக்கை வைத்த கைக்கு அந்த ஆட்டம் தெரியாது. கையிலேயே வைத்திருந்தால் அது நடந்திருக்கவும் செய்யாது. கை போட்டது ஒரு பங்கு. விட்ட பிறகு உலகம் தன் பங்கைப் போடுகிறது. சூளைத் தீ போடுகிறது, மழை போடுகிறது, எதிரே வந்த கண்ணாடி போடுகிறது. இரண்டு பங்கும் சேர்ந்தபின்தான் ஒரு பொருள் முழுசாகிறது. செய்தவனுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய கூலி, தான் வைக்காத ஒன்றைத் தன் பொருளில் பார்ப்பது. விடாதவனுக்கு அந்தக் கூலி கிடையாது.

வண்டி ஓடத் தொடங்கிய அன்று ராத்திரி, எல்லாம் முடிந்த பிறகு, மார்க்கரை எடுத்து சென்சாருக்கு மேலே இரண்டு புருவம் வரைந்தான் பயல். அந்தச் சென்சாரில் வட்டமாக இரண்டு வில்லை இருக்கும். பார்ப்பதற்கு அச்சாகக் கண்கள். உண்மையில் ஒன்று நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்புகிறது, மற்றது எதிரொலியைக் கேட்கிறது. வௌவால் மாதிரி. ஒன்று வாய், ஒன்று காது. இதை அவனே எனக்கு விளக்கியிருக்கிறான். தெரிந்தும் புருவம் வரைந்தான். வரைந்துவிட்டுத் தரையில் விட்டான். அது சோபாவுக்கு அடியில் போய் நெடுநேரம் வரவில்லை.

இப்போது அந்த வண்டி இல்லை. மோட்டார்களைக் கழற்றி வேறு எதற்கோ போட்டுவிட்டான். புருவம் வரைந்த சென்சார் மட்டும் மேசையில் கிடக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் எதையாவது செய்து, கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டிக் காட்ட வரும். என்னை மாதிரி உடனே பிரமாதம் என்று சொல்லிவிடாதீர்கள். தரையில் உட்கார்ந்துகொண்டு, “கீழ விடு, பாப்போம்” என்று சொல்லுங்கள்.