மெழுகுப் பல்லும் காட்டும் அறிவும்

பல் மருத்துவம் பயில விரும்பும் மாணவர், நோயாளி ஒருவரின் வாயைத் தொடுவதற்கு நெடுங்காலம் முன்பே, சிறிய மெழுகுக் கட்டியைக் கத்தியால் செதுக்கி மனிதப் பல்லின் வடிவத்தை வெளிக்கொணரும் பயிற்சியில் இறங்குகிறார். கைத்திறனை வளர்க்கும் தொடக்கப் பயிற்சி என்றே இது பொதுவாகக் கருதப்படுகிறது; ஆயினும், கண்முன் இருக்கும் பொருளை ஒருவர் எப்போது உண்மையில் காண்கிறார் என்னும் பழைய மெய்யியல் வினா முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. இவ்வினாவுக்குச் சைவ சித்தாந்தம் தந்த விடை, பயிற்சி மேசையில் நிகழ்வதை மிக நெருக்கமாக விளக்குகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பினாங்கில் வளரும் தமிழ் மாணவருக்கு இவ்விரு மரபுகளும் அருகருகே கிடைக்கின்றன. நியூசிலாந்து 1921 முதல் நடத்திவந்த முறையைப் பின்பற்றி, பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பேணும் தாதியருக்கான பயிற்சி 1949இல் பினாங்கில் தொடங்கியது. பிற்காலத்தில் பட்டர்வொர்த்தில் சேலத்து விநாயகா மிஷன்ஸ் பல்கலைக்கழகத்தின் கூட்டுறவோடு பினாங்கு அனைத்துலகப் பல் மருத்துவக் கல்லூரி எழுந்தது. அண்டை மாநிலமான கெடாவில் 2001இல் நிறுவப்பட்ட எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் பல் மருத்துவம் கற்பிக்கிறது. மறுபுறம், ஜோர்ஜ் டவுன் குயின் வீதியில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் தண்ணீர்மலைக் கோயில்களும் சைவ வழிபாட்டை அன்றாட வாழ்வின் பகுதியாக வைத்திருக்கின்றன. மெழுகும் இவ்விரு உலகங்களுக்கும் பொதுவானது: முதலில் மெழுகில் உருவைச் செய்து, மண்ணால் மூடிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதியரின் முறையும், பல் குழியை நிரப்பும் தங்க வார்ப்புக்கென 1907இல் அமெரிக்கர் வில்லியம் டாகர்ட் அறிமுகப்படுத்திய முறையும் அடிப்படையில் ஒன்றே.

செதுக்குவோர் தொடக்கத்தில் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது மேல் தாடையின் நடு வெட்டுப்பல். பாடநூல் அளவின்படி, ஈறுக்கு வெளியே தெரியும் பகுதியான பல்முடி 10.5 மி.மீ. நீளமும், எலும்புக்குள் பதியும் வேர் 13 மி.மீ. நீளமும் உடையவை; பல்முடியின் அகலம் 8.5 மி.மீ., முன்பின் தடிப்பு 7 மி.மீ. சிறு பிழையும் கண்ணுக்குப் புலப்பட வேண்டும் என்பதற்காக இவ்வளவுகளை இருமடங்காக்கிச் செதுக்குவதும் உண்டு, அப்போது 23.5 மி.மீ. நீளமுள்ள பல் 47 மி.மீ. மெழுகாகிறது. கட்டியின் முகப்பில் பல்லின் எல்லைக்கோட்டை வரைந்து, ஒரு முனை அலகாகவும் மறுமுனை சிறு கரண்டியாகவும் அமைந்த லெக்ரான் என்னும் கருவியால் வெளிப்புற மெழுகை நீக்கி, பின்னர் பக்கவாட்டுத் தோற்றத்தை வரைந்து அதையும் நீக்கினால், மூலைகள் கூர்மையாக நிற்கும் பெட்டி வடிவப் பல் கிடைக்கிறது. இதுவரை அளவுகோல் வழிகாட்டும். அம்மூலைகளை உருட்டத் தொடங்கும்போது அளவுகோல் கைவிட்டுவிடுகிறது, கண் ஒன்றே எஞ்சுகிறது. கை வெப்பத்தில் இளகும் மெழுகு கத்தியோடு இழுபடும் என்பதால், பினாங்கின் வெக்கையில் கட்டியை அவ்வப்போது குளிர்ந்த நீரில் இடுவதும் தேவைப்படும்.

கண் தவறும் இடம் எல்லாத் தொடக்க மாணவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. முகத்தின் நடுக்கோட்டை நோக்கிய பக்கம் மீசியல் என்றும், அதிலிருந்து விலகிய பக்கம் டிஸ்டல் என்றும் பெயர் பெறும். நடு வெட்டுப்பல்லின் கடிவிளிம்பு, மீசியல் பக்கத்தில் ஏறத்தாழச் செங்கோணமாகவும் டிஸ்டல் பக்கத்தில் மேலும் உருண்டும் முடிகிறது. பல்முடியும் வேரும் சந்திக்கும் கழுத்துக்கோடு மீசியல் பக்கத்தில் சுமார் 3.5 மி.மீ. வளைய, டிஸ்டல் பக்கத்தில் சுமார் 2.5 மி.மீ. மட்டுமே வளைகிறது. இவ்வேறுபாடு இல்லாத மெழுகுப் பல், வாயின் வலப்பக்கத்துக்கும் உரியதன்று, இடப்பக்கத்துக்கும் உரியதன்று. மாணவர் இவ்வெண்களை ஒப்பிக்கக்கூடும், மெய்ப்பல்லும் அவர் கண்முன்னே கிடக்கும். ஆயினும் இரு மூலைகளையும் ஒன்றுபோலவே செதுக்குகிறார். ஆசிரியர் பல்லைச் சற்றே திருப்பி, நகத்தால் அம்மூலையைத் தொட்டுக் காட்டிய பின்னரே அது அவருக்குத் தெரிகிறது. பின்னர் அதைக் காணாமல் இருப்பது அவருக்கு இயலாததாகிவிடுகிறது.

இங்கே நிகழ்ந்தது என்ன? பல் மாறவில்லை, கண்ணின் கூர்மையும் கூடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த சித்தாந்தம் இதற்குத் தெளிவான விளக்கம் தருகிறது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. ஆயினும் ஒளி துணைசெய்யாவிடில் அது காணாது, ஒளி இருந்தும் உயிர் கண்ணோடு கலந்து நில்லாவிடில் அப்போதும் காணாது. அவ்வாறே உயிர் அறியும் தன்மை உடையதாயினும் தானே அறிவதன்று, அறிவிக்க அறிவது. இறைவன் உயிருக்கு அறிவிப்பது காட்டும் உபகாரம் எனப்படும். உயிரோடு பிரிவின்றி நின்று தானும் உடன் அறிவது காணும் உபகாரம் எனப்படும். வீடுபேற்றுக்கு மட்டுமன்றி, உலகப் பொருள்களை அறியும் ஒவ்வோர் அறிவுக்கும் இவ்விரண்டும் வேண்டும் என்பது சித்தாந்தத்தின் துணிபு.

ஆசிரியர் இறைவனாகிவிடுவதில்லை, ஆனால் இவ்விரு உபகாரங்களின் வேறுபாடு கற்பித்தலின் இயல்பைத் துலக்குகிறது. மாணவர்முன் ஒரு பல்லைச் செதுக்கிக் காட்டிவிட்டு அகலும் ஆசிரியர் முதலாவதை மட்டுமே செய்கிறார். மாணவரின் அருகே நின்று, அவர் பார்வை எங்கே வழுக்குகிறது என்பதை அவர் கண் வழியாகவே பார்ப்பவர் இரண்டாவதையும் செய்கிறார். கற்பித்தலில் அரிதாக இருப்பதும் மாணவரை மாற்றுவதும் இந்த இரண்டாவதே. பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த் 1641இல் வெளியிட்ட நூலிலும் மெழுகே சான்றாகிறது: தீயருகே வைத்த மெழுகு மணம், நிறம், வடிவம் அனைத்தும் இழந்தும் அதே மெழுகாக அறியப்படுவதால், அதை அறிவது புலன் அன்று, மனமே என்று அவர் முடித்தார். புலன் மட்டும் போதாது என்பதில் சித்தாந்தி அவரோடு உடன்படுவார். மனம் தனித்து நின்று அறிந்துவிடும் என்பதில் உடன்படமாட்டார்.

மெழுகினுள் பல் முன்னரே இருந்ததா என்று கேட்பாரும் உண்டு. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம் என்று மூன்றாகப் பகுத்து, காரியம் காரணத்தினுள் நுண்ணிலையில் முன்னரே உண்டு என்னும் சற்காரிய வாதத்தைச் சித்தாந்தம் ஏற்கிறது. ஒரே கட்டி 32 பற்களில் எதுவாகவும் ஆகக்கூடும் என்பதால், எந்தப் பல் வெளிப்படும் என்பதைச் செதுக்குபவரின் அறிவே தீர்மானிக்கிறது என்று இங்கே கொள்வது போதும். மெய்ப்பல் உருவாகும் முறை செதுக்கும் முறைக்கு நேர்மாறானது என்பது இதைவிடக் கவனத்துக்குரியது: தாடைக்குள் எனாமல் உள்ளிருந்து வெளிநோக்கிப் படலம் படலமாகப் படிகிறது, பல்முடி அமைந்த பின்னரே வேர் நீள்கிறது, செதுக்குபவரோ வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்கிறார். உலகம் என்னும் காரியத்தைக் கண்டு அதற்கொரு கருத்தா உண்டு என அனுமானிக்கும் சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவும் இதே திசையில்தான் செல்கிறது.

காட்டப்படுவது மறைக்கவும் கூடும். மேற்சொன்ன அளவுகள் மேலைநாட்டுப் பாடநூல்கள் தந்த சராசரிகள். அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் 1890இல் வெளியிட்ட நூலின் அளவு அட்டவணைகள் அம்மரபின் முன்னோடிகளுள் அடங்கும். சராசரிப் பல்லை அப்படியே வாயில் உடையவர் எவரும் இலர். கிழக்காசிய மக்களிடம், வெட்டுப்பல்லின் உட்புறத்தில் இரு விளிம்புகளும் தடித்து நடுவே குழிந்திருக்கும் மண்வெட்டி வடிவம் மிகுதியாகக் காணப்படுகிறது. பினாங்கில் சீனர், மலாய்க்காரர், தமிழர் யாவரும் ஒரே சிகிச்சையகத்தின் நாற்காலியில் அமர்கின்றனர். நூற்பல்லை மட்டும் கற்ற கண், எதிரே இருக்கும் மனிதரின் பல்லை நூலிலிருந்து வழுவியதாகவே பார்க்கும் தீங்கு இங்கே நேர்கிறது. நூலின்வழிப் பெறும் அறிவைப் பாசஞானம் என்னும் கீழ்நிலை அறிவினுள் அடக்கி, அது வேண்டியதே எனினும் அதுவே முடிவன்று எனச் சித்தாந்தம் வரையறுத்தது இவ்விடத்தும் பொருந்தும்.

கல்லூரியில் சேரும் முன்பே மெழுகும் கத்தியும் வாங்கித் தனியே செதுக்கத் தொடங்கும் மாணவருக்குக் காட்டுவோர் யார் என்னும் கேள்வி எஞ்சுகிறது. மாதிரிப் பல்லையும் தாம் செதுக்கியதையும் ஒரே ஒளியில் அருகருகே வைத்துத் திருப்பித் திருப்பி ஒப்பிடுவதே அவருக்கு உரிய வழி; அப்போது பல்லே காட்டுகிறது என்று தோன்றும். சடப்பொருள் தானாக எதையும் அறிவிக்காது என்பது சித்தாந்தத்தின் உறுதி. மீசியல், டிஸ்டல் என்று பகுத்தவர்களும், ஆயிரக்கணக்கான பற்களை அளந்து வைத்தவர்களும், அம்மாதிரியை வார்த்தவரும் அந்தப் பல்லின் பின்னே நிற்பதனால்தான் அது காட்டும் பொருளாகிறது. ஆகவே காட்டும் உதவி ஓரளவு அவருக்கும் கிட்டிவிடுகிறது. உடன்நின்று காணும் உதவியை மட்டும் பல்லும் நூலும் தர இயலாது. அதற்காகவேனும் அம்மாணவர் தம் முதல் மெழுகுப் பல்லை, அது எவ்வளவு குறையுடையதாயினும், அனுபவமுள்ள ஒருவரிடம் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.