யார் பார்க்க எந்த உயரம்?

ஏர் சஸ்பென்ஷன் போட்ட காருக்கு ஒரே உயரம் என்று ஒன்று கிடையாது. ஒரு பட்டனை அழுத்தினால் தரையோடு தரையாகப் படுத்துவிடும். இன்னொன்றை அழுத்தினால் எழுந்து நிற்கும். பழைய கார் வைத்திருக்கும் நம் இளைஞர்கள் பலருக்கு அது ஒரு கனவு. எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பட்டனுக்குள் ஒரு கேள்வி இருக்கிறது நண்பர்களே: ஆளைப் பார்த்து உயரத்தை மாற்றிக்கொள்வது சரியா?

நான் கிள்ளான் பக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி தன் அப்பா ஓட்டிய டட்சன் 120ஒய் காரைக் கொண்டுவந்தார். எழுபதுகளில் வந்த வண்டி. நம் அப்பாமார் காலத்தில் எத்தனையோ குடும்பங்களைச் சுமந்த வண்டி. அதற்கு ஏர் சஸ்பென்ஷன் போட வேண்டும் என்றார்.

"போடலாம் தம்பி. ஆனா ஜேபிஜே ஒப்புதல் எடுத்துட்டுத்தான் போடணும்" என்றேன்.

அவர் சிரித்தார். "அண்ணே, அதுக்குத்தானே பட்டன் இருக்கு! ரோட் பிளாக் வந்தா தூக்கிக்கலாம். நாளைக்கு விக்கிறப்ப இன்ஸ்பெக்‌ஷனுக்கும் தூக்கிட்டுப் போகலாம். யாருக்கும் தெரியாதுலா. இதுல யாருக்கு என்ன கெடுதல்?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் காருக்கு அடியிலேயே இருக்கிறது.

120ஒய் காரின் பின்பக்கத்தில் லீஃப் ஸ்பிரிங் இருக்கும். அது இரண்டு வேலை செய்கிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. பின் ஆக்ஸில் முன்னே பின்னே போகாமல், பக்கவாட்டில் நகராமல் பிடித்தும் வைக்கிறது. காற்றுப்பைக்கு முதல் வேலைதான் தெரியும். ஆகவே லீஃப் ஸ்பிரிங்கை எடுத்தால், ஆக்ஸிலைப் பிடித்துக்கொள்ளத் தனியாகக் கம்பிகள் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அந்த வெல்டிங் விட்டுப்போனால் பின் சக்கரம் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

அதோடு முடியவில்லை. வண்டி முழுசாக எழும்பும்போது பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது. முழுசாக இறங்கும்போது டயர் அதை நசுக்கக் கூடாது. காற்றுக் குழாய் எக்ஸாஸ்ட் பக்கம் போனால் உருகிவிடும். கம்பிரசர் நிறைய மின்சாரம் இழுக்கும். பழைய வயரிங் அதைத் தாங்காது. தனி வயர், ரிலே, ஃபியூஸ் எல்லாம் வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் டேங்க்குக்குள் தண்ணீர் சேரும். அடிக்கடி வடிக்க வேண்டும். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும். எந்த உயரத்தில் ஓட்டப்போகிறோமோ அந்த உயரத்தில் அலைன்மென்ட் செய்ய வேண்டும்.

இப்போது அந்தத் தம்பியின் திட்டத்தைப் பாருங்கள். அதிகாரி ஓர் உயரத்தில் வண்டியைப் பார்த்து, "சரி" என்கிறார். சாலையில் ஓடுவதோ வேறு உயரத்தில் இருக்கும் வண்டி. அதை யாருமே சோதிக்கவில்லை. நெடுஞ்சாலையில் பின்னால் குடும்பத்தோடு வருகிறவர், முன்னால் போகும் வண்டி சோதித்துப் பார்த்த வண்டி என்று நம்பித்தான் வருகிறார். ஏமாந்தது அதிகாரி மட்டும் இல்லை, அவரும்தான். அவருக்கு அது தெரியவும் தெரியாது.

அப்படியானால் உயரத்தை மாற்றுவதே தப்பா? இல்லை. நாம் தினமும் பார்க்கும் தாழ்தளப் பேருந்தை நினைத்துப் பாருங்கள். நிறுத்தத்தில் ஒரு பாட்டி நிற்கிறார், அல்லது சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருக்கிறார். பேருந்து 'புஸ்' என்று காற்றை விட்டு அவர் பக்கம் சாய்கிறது. அவர் ஏறியதும் நிமிர்கிறது. அதுவும் ஏர் சஸ்பென்ஷன்தான். 1955இல் வந்த சிட்ரோயன் டிஎஸ் காரில், வாயுவும் எண்ணெயும் சேர்ந்து இயங்கும் சஸ்பென்ஷனை டிரைவரே உயர்த்தலாம், இறக்கலாம். கரடுமுரடான பாதையில் உயர்த்தி ஓட்டலாம். இதெல்லாம் ஊரறிய நடப்பது. பாட்டிக்காகத் தாழ்வது பணிவு. அதிகாரி வருகிறார் என்று உயர்வது நடிப்பு. கருவி ஒன்றுதான், மனசுதான் வேறு.

அந்தத் தம்பி இன்னொன்றும் சொன்னார். "அண்ணே, நம்மளப் பார்த்தாலே நிறுத்துறாங்க. சட்டமே நம்ம பக்கம் இல்லாதப்ப, நாம மட்டும் ஏன் நேர்மையா இருக்கணும்?" இந்த வலியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இதற்குப் பதிலாக ஒரு வரலாறு சொன்னேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காரைத் தாழ்த்தி ஓட்டுவது மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களின் பெருமை. 1958இல் அங்கே ஒரு சட்டம் அமலுக்கு வந்தது: காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடி விளிம்புக்குக் கீழே இருக்கும்படி மாற்றக் கூடாது. 1959 வாக்கில் ரான் அகிரே என்பவர் தம் கோர்வெட் காரில் விமான ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி, சுவிட்சைத் தட்டினால் உயரம் மாறும்படி செய்தார். போலீஸ் வந்தால் தூக்கலாம், போனதும் இறக்கலாம். கெட்டிக்காரத்தனம்தான். அந்த உத்தி பரவி ஒரு கலையாகவே வளர்ந்தது.

ஆனால் சட்டம் அப்படியேதான் இருந்தது. அதை மாற்றியவர்கள் பின்னால் வந்தார்கள். 'இது எங்கள் பண்பாடு, இதைக் குற்றமாக்காதீர்கள்' என்று மறைக்காமல் கேட்டவர்கள் அவர்கள். 2023இல் கலிபோர்னியா அந்தத் தடையை நீக்கியது. 2024 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. அறுபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. சுவிட்ச் தட்டியவர் அன்றைக்குத் தப்பித்தார். வெளிப்படையாகக் கேட்டவர்களால் எல்லோருக்கும் வழி பிறந்தது.

சட்டம் அநியாயம் என்று நினைத்தால் எதிர்த்துப் பேசலாம். அதற்கு முகம் காட்ட வேண்டும். ஒளிந்துகொண்டே நியாயம் கேட்க முடியாது. அதோடு, நம் ஊர் விதி அழகுக்கு எதிரானதல்ல. 'மாற்றுவதற்கு முன் காட்டு' என்கிறது, அவ்வளவுதான். அலைச்சல் உண்டு, செலவு உண்டு, கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால், லீஃப் ஸ்பிரிங்கிலேயே அழகாக ஓடும் 120ஒய் ஒன்றும் கேவலம் இல்லை.

"ஒப்புதல் வாங்கிட்டு வாங்க தம்பி, நானே நின்னு செஞ்சு தரேன்" என்றேன். அவர் கோபமாகப் போனார். வேறு பட்டறையில் செய்துகொண்டாரா, தெரியாது. முதலாளிக்கு ஒரு நல்ல வேலை கைவிட்டுப் போனது. அன்றைக்கு என்னிடம் அவர் பேசவும் இல்லை. நேர்மைக்கு உடனே பரிசு கிடைக்கும் என்று நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு சோதனையை மட்டும் உங்களிடம் கொடுக்கிறேன். கார் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். வீட்டில் ஒரு முகம், நண்பர்களிடம் ஒரு முகம், வேலை கேட்டுப் போகும் இடத்தில் ஒரு முகம் என்று நாம் எல்லோருமே உயரத்தை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். எது பணிவு, எது நடிப்பு என்று குழப்பம் வந்தால், இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: யாருக்காக மாற்றுகிறோமோ, அவர் கண் முன்னாலேயே அந்தப் பட்டனை அழுத்த முடியுமா?

பேருந்து ஓட்டுநரால் முடியும். பாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவர் அழுத்துகிறார். உங்களாலும் முடிந்தால், தாராளமாக அழுத்துங்கள்.