சிவரஞ்சனி எங்கே மோகனமானது?

ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி எழுதிய ‘குறையொன்றுமில்லை’ ஒரு ராகமாலிகை; முதல் ராகம் சிவரஞ்சனி. அதை ஐந்து கோட்டு மேலை இசைக்குறியில் அச்சிட வேண்டும் என்று வையுங்கள். அதற்கு லிலிபாண்ட் இருக்கிறது: நெதர்லாந்துக்காரர் இருவர் 1996இல் தொடங்கிய இலவச மென்பொருள். உள்ளே ஸ்கீம் என்ற நிரல்மொழியும் உண்டு. தமிழில் ஸ்வரம் தட்டினால் இசைக்குறியாக மாற்றும் ஃபங்ஷனை அதில் நாமே எழுதிக்கொள்ளலாம்.

நிரலில் ஒரு பெயர் எழுத்துப் பிசகினால் லிலிபாண்ட் அந்தப் பெயரைச் சொல்லியே புகார் செய்யும். திருத்திவிடலாம். புகாரே இல்லாமல் பக்கம் அழகாக வந்து, வாசித்தால் மோகனம் கேட்கிறதே, அதுதான் தொல்லை. இரண்டு ராகத்துக்கும் வித்தியாசம் காந்தாரம் மட்டுமே.

லிலிபாண்டுக்கு ஒரு ஸ்வரம் என்பது மூன்று எண்கள்: ஸ்தாயி, வரிசை, மாற்றம். வரிசை பூஜ்யத்தில் தொடங்குவதால், ஸட்ஜத்தை C என்று கொண்டால் ஸட்ஜத்துக்கு 0, காந்தாரத்துக்கு 2. மூன்றாவது எண்ணை விட்டுவிட்டால் தவறில்லை. 0 என்று எடுத்துக்கொள்ளும். அங்கேதான் மோகனத்தின் அந்தர காந்தாரம் நுழைகிறது. சிவரஞ்சனிக்கு வேண்டிய சாதாரண காந்தாரம் ஒரு கட்டை கீழே; அதற்கு -1/2 தர வேண்டும். கீபோர்டில் ஒவ்வொரு கட்டையையும் ஒன்று என எண்ணிப் பழகியவர் -1 போடுவார். வருவது சுத்த காந்தாரம், சதுச்ருதி ரிஷபத்தின் அதே ஒலி! மூன்று காந்தாரமும் ஒரே எண்ணில் தொங்குகின்றன.

அச்சான பக்கத்தை உற்றுப் பார்த்தால் மட்டும் பிழை எங்கே என்று தெரியாது. ‘டிஸ்ப்ளே மியூசிக்’ என்ற கட்டளை, அச்சுக்குப் போகும் முன் இசை எந்த வடிவில் இருக்கிறது என்பதை அடைப்புக்குறிகளாகத் திரையில் கொட்டும். ஒரே ஒரு காந்தாரத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது எண் இல்லையென்றாலோ 0 என்றாலோ பிழை நம் ஃபங்ஷனில். -1/2 சரியாக இருந்தும் ஸ்வரத்தருகே இறக்கக்குறி காணோமா? பதற வேண்டாம்: வரியின் தொடக்கத்தில் அந்தக் குறி போட்டிருந்தால் லிலிபாண்ட் திரும்பப் போடாது.

தமிழெழுத்து தரும் வம்பு வேறு. ‘ரி’ கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு ‘ர’வும் இகரக்குறியும். எழுத்தெழுத்தாக வெட்டும் ஃபங்ஷன் ரிஷபத்தைப் பிளந்துவிடும். லிலிபாண்டின் பழைய பதிப்புகளில் இன்னும் மோசம். ஸ்கீம் எழுத்துச் சரங்களைப் பைட்டுகளாக எண்ணியதால் ‘ரி’யே ஆறு. 2022 டிசம்பரில் வந்த 2.24 பதிப்பில் ஆறு இரண்டாகியது, ஒன்றாகவில்லை. ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி விட்டுத் தட்டி, அந்த இடைவெளியில் வெட்டச் சொல்வதே எளிது.