நித்திய சாதகம்

ஸ்பெயினின் கட்டலோனியாப் பகுதியில் வெந்திரெல் என்ற சிற்றூரில் 1876-ஆம் ஆண்டு பிறந்து, செல்லோ என்னும் தந்தி வாத்தியத்துக்கு உலக மேடையில் ஒரு புதிய கௌரவத்தைத் தேடித் தந்த பாப்லோ காஸல்ஸ், தம் முதிய வயதில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துச் சொன்ன செய்திகளுள் ஒன்று என் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாக ஒவ்வொரு நாளையும் அவர் ஒரே விதமாகவே தொடங்கி வந்தாராம். காலையில் பியானோவின் முன் அமர்ந்து, பாக் என்ற ஜெர்மானிய மேதை இயற்றிய பிரெலூடு, ஃபியூகு என்ற உருப்படிகள் சேர்ந்த ஜோடிகளில் இரண்டை வாசிப்பார். மற்ற காரியங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். அவருக்குப் புகழையும் ஜீவனத்தையும் தந்தது செல்லோ, பியானோ அன்று. அந்தக் காலை வாசிப்பின் முடிவில் பரீட்சை இல்லை, கச்சேரி இல்லை, கைகொட்டி மகிழ ஒரு சபையும் இல்லை. அப்படியிருக்க, யுத்தத்தையும் நாடு துறந்த வாழ்வையும் மூப்பையும் கடந்து அத்தனை ஆண்டுகள் அவரை அந்த ஆசனத்துக்கு இழுத்து வந்த சக்தி எது?

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு சென்னையில் பியானோ கற்கத் தொடங்கிய எனக்கு இந்தக் கேள்வி என் சொந்த வாழ்க்கையைத் தொடும் கேள்வி. தொடக்க மாதங்களில் எவரும் தூண்ட வேண்டியிருப்பதில்லை. இரண்டு கைகளும் சேர்ந்து ஓர் எளிய மெட்டை எழுப்பிய மாத்திரத்திலேயே உள்ளம் பூரித்துப் போகிறது. பிறகு ஒரு பருவம் வருகிறது. நேற்று வாசித்ததையே இன்றும் வாசிக்கிறோம். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பியானோவின் மூடியைத் திறப்பதற்கே மனம் தயங்குகிறது. என்னைப்போலவே நடுவயதில் கற்க வந்தவர்களும், பள்ளிப் பருவத்தில் கற்றுவிட்டுப் பாதியில் நிறுத்தியவர்களும் இந்தத் தயக்கத்துக்குச் சோம்பலையும் நேரமின்மையையுமே காரணமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சமாதானம் எனக்குத் திருப்தி அளிப்பதில்லை. ஏனென்றால், அப்படிச் சொல்லுகிறவர்களே விடியுமுன் எழுந்து சமைத்து, நெரிசல் மிகுந்த ரயிலில் நின்றுகொண்டே பயணம் செய்து, மாலையில் குழந்தைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். சோம்பல் என்பது அவர்கள் சுபாவத்தில் எங்கே இருக்கிறது? அவர்களுக்கு ஏற்படுகிற சலிப்புக்குக் காரணத்தை மனிதரிடத்தில் தேடுவதற்கு முன், அந்த வாத்தியத்தின் இயல்பிலேயே முதலில் தேட வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்து மெடிசி பிரபுக்களின் ஆதரவில் வாழ்ந்த பார்த்தலோமேயோ கிறிஸ்தோஃபோரி, 1700-ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கிய இந்த வாத்தியத்தில், விரல் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி எழுந்து தந்தியைத் தட்டிவிட்டு, விரல் இன்னும் கட்டையின் மேல் இருக்கும்போதே விலகி விழுந்துவிடுகிறது. தட்டியபின் அந்த நாதத்தின்மேல் வாசிப்பவருக்கு உள்ள அதிகாரம் மிகச் சொற்பம். அதைச் சற்று ஒலிக்க விடலாம், நிறுத்தலாம். ஆனால் வளர்க்கவோ வளைக்கவோ இயலாது. வீணையில் மீட்டிய பிறகும் தந்தியை இழுத்துக் கமகம் பிறப்பிக்கலாம். வயலினில் வில்லின் அழுத்தத்தால் ஒரே ஸ்வரத்தைப் பெருக்கவும் தணிக்கவும் செய்யலாம். பியானோவிலோ விரல் இறங்குகிற அந்தக் கணத்திற்குள் எல்லாம் தீர்மானமாகிவிடுகிறது. அதற்குப் பின் எஞ்சுவது, மெல்லத் தேய்ந்து போகிற அந்த ஒலியைக் கேட்டு, அடுத்த ஒலி எத்தனை கனமாக, எத்தனை மென்மையாக இருக்க வேண்டும் என்று நிச்சயிப்பது ஒன்றே.

இதனினும் முக்கியமான விஷயம் இன்னொன்று உண்டு. வயலின் கற்கும் சிறுவன், விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்ட எந்த அடையாளமும் இல்லாத பலகையின்மேல், ஒவ்வொரு ஸ்வரத்தையும் தன் காதால் தேடிப் பிடித்தாக வேண்டும். காது ஒரு கணம் உறங்கினாலும் சுருதி பேதம் உடனே காட்டிக் கொடுத்துவிடும். பியானோ அப்படித் தண்டிப்பதில்லை. அதன் 88 கட்டைகளும் சுருதி கூட்டி வைத்தபடி காத்திருக்கின்றன. எந்தக் கட்டையை எவர் அழுத்தினாலும் அதற்குரிய ஸ்வரம் பிழையின்றி ஒலிக்கிறது. கற்பவருக்குப் பெரிய வசதியாகத் தோன்றும் இந்தக் குணத்திலேயே அபாயமும் ஒளிந்திருக்கிறது: கேளாமலே வாசிக்க இடம் தருகிற வாத்தியம் இது. விரல்கள் பழகிய தடத்தில் ஓடிக்கொண்டிருக்க, மனம் அலுவலகத்துக்கும் அங்காடிக்கும் போய்வருவது இதில் மிகவும் சுலபம். செவி விலகிப் போன பயிற்சியில் எஞ்சுவது விரல்களின் உழைப்பு மாத்திரமே. வெறும் உழைப்பை நாள்தோறும் விரும்பிச் செய்யும்படி மனத்தைக் கட்டாயப்படுத்த எவராலும் முடியாது. நாம் உற்சாகக் குறைவு என்று அழைப்பது பெரும்பாலும் செவியின் பட்டினியே என்பது என் துணிபு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா விரல்களின் உழைப்பில் அளவற்ற நம்பிக்கை வைத்த காலம். பேத்தோவனிடம் கற்று, பின்னர் லிஸ்டுக்கு ஆசிரியராக அமைந்த செர்னி, விரல் வேகத்தையும் சமத்தையும் வளர்ப்பதற்கென்றே எண்ணற்ற பயிற்சிகளை எழுதிக் குவித்தார். 1873-இல் பிரெஞ்சுக்காரரான ஹனோன் வெளியிட்ட 60 பயிற்சிகள் கொண்ட புத்தகம் இன்றும் பியானோ மாணவர்களின் கைகளில் இருக்கிறது. அவற்றால் விளையும் நன்மையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் பயிற்சி செய்துகொண்டே எதிரில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துப் படிக்கும் வழக்கமும் அக்காலத்தில் நிலவியது என்று அறியும்போது, செவியை விரல்களிடமிருந்து எவ்வளவு தூரம் பிரித்துவிட்டார்கள் என்பது விளங்குகிறது.

அந்த நம்பிக்கைக்கு மாறாகப் பேசியவர்களில் இருவர் முக்கியமானவர்கள். பாரிஸில் ஷோப்பன் தம் மாணவர்களை நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்ய வேண்டாமென்று தடுத்தார் என்பது அவர்கள் வழியாகவே நமக்குக் கிடைத்திருக்கும் செய்தி. கவனம் மழுங்கிய பின் தொடர்கிற வாசிப்பு வித்தையை வளர்ப்பதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். மற்றொருவர் ராபர்ட் ஷூமன். மேடையில் பியானோ வித்துவானாக விளங்க வேண்டும் என்ற தீவிர ஆசையோடு லைப்ஸிக் நகரில் பயின்றுகொண்டிருந்த அவருக்கு, இருபதுகளின் தொடக்கத்திலேயே வலது கை கெட்டுப் போயிற்று. விரலைப் பலப்படுத்த அவர் பயன்படுத்திய ஒரு கருவியே அதற்குக் காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. வேறு காரணங்கள் கூறுவோரும் உண்டு. எப்படியாயினும், மேடைக் கனவை இழந்து இசை இயற்றுவதிலேயே வாழ்வைக் கழித்த அந்த மனிதர், பிற்காலத்தில் இளம் மாணவர்களுக்கென நெறிகள் சிலவற்றைத் தொகுத்தபோது, யாவற்றுக்கும் முதலாவதாகச் செவியைப் பண்படுத்துவதையே வைத்தார். விரலின் மேலே எல்லா நம்பிக்கையையும் வைத்து அதை இழந்தவருடைய வாயிலிருந்து வருவதனால், அந்த முதல் நெறிக்கு நான் தனி மதிப்பு அளிக்கிறேன்.

செவி விழித்திருக்கும் பயிற்சி என்பது நடைமுறையில் எப்படி இருக்கும்? பாக் தம் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமனுக்கு ஒன்பது வயதாக இருக்கையில், 1720-இல், அவனுக்காக ஒரு பாடப் புத்தகத்தை எழுதத் தொடங்கினார். அதில் இடம் பெற்ற இரு குரல் உருப்படிகளைச் செம்மைப்படுத்தி 1723-இல் இன்வென்ஷன் என்ற பெயரில் தொகுத்தார். அவற்றுள் முதலாவதான ஸி மேஜர் உருப்படியின் நீளம், ஏட்டில் செங்குத்துக் கோடுகளால் பிரித்த கட்டங்களாகக் கணக்கிட்டால், 22 கட்டங்களே. தேர்ந்த வித்துவான் ஒன்றரை நிமிஷத்துக்குள் வாசித்து முடித்துவிடுவார். ஆனால் அந்தச் சிறிய பரப்பில் நாள்தோறும் ஒரு புதிய கேள்வி கேட்டுக்கொள்ள இடம் இருக்கிறது. வலது கை ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்போதே, இடது கை அதை ஒரு ஸ்தாயி கீழே திருப்பிச் சொல்லுகிறது: இரண்டும் ஒரே உச்சரிப்போடு பேசுகின்றனவா என்று கேட்பது ஒரு நாள் வேலை. மூன்றாம் கட்டத்தில் அதே வாக்கியம் தலைகீழாகத் திரும்பி, ஏறிய இடத்தில் இறங்கவும் இறங்கிய இடத்தில் ஏறவும் செய்கிறது: அந்தத் திருப்பம் கேட்பவர் காதில் விழும்படி வாசிக்கிறோமா என்பது மறுநாள் வேலை. ஏழாம் கட்டத்தில் இடது கையே முந்திப் பேசுகிறது: அதற்கு வழிவிட்டு வலது கை தணிகிறதா என்பது இன்னொரு நாளுக்குரியது. இவ்விதம் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அமரும் நாட்களில், மூடியைத் திறக்க என்னை எவரும் தூண்ட வேண்டியிருப்பதில்லை. பதில் எப்படி இருக்குமோ என்ற ஆவலே அழைத்துக்கொண்டு போய்விடுகிறது. காஸல்ஸும் அந்தக் காலை வாசிப்பு ஒவ்வொரு நாளும் தமக்குப் புதிதாகவே இருந்தது என்றுதான் சொன்னார். ஏட்டில் எழுதியிருந்த ஸ்வரங்கள் எண்பது ஆண்டுகளிலும் மாறவில்லை. கேட்ட செவிதான் அன்றாடம் புதியதொன்றைக் கண்டெடுத்தது.

அப்படியானால் தினமும் அமர வேண்டும் என்ற நியமம் எதற்கு, கேள்வி எழும் நாளில் மாத்திரம் வாசித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பகலில் விரல்கள் பழகிய அசைவுகள் இரவு உறக்கத்தில் மூளைக்குள் நிலைபெறுகின்றன என்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட, அதை ஆறு நாட்களில் அரை அரை மணியாகப் பகிர்ந்து, நடுவே உறக்கத்துக்கு இடம் கொடுப்பது மேல். இது உடலின் நியாயம். மனத்தின் நியாயம் வேறொன்று. நம் வீட்டு வாசலில் கோலமிடுகிற பெண்மணி, நேற்றைய கோலம் காலடிகளில் அழிந்து போயிற்றே என்று வருந்துவதுமில்லை, இன்றைய கோலத்தினால் எந்த லட்சியத்தை எட்டப் போகிறோம் என்று கணக்கிடுவதுமில்லை; அந்தக் காலைக்குரிய கோலம் அந்தக் காலையிலேயே பூர்த்தியாகிவிடுகிறது, கை மாத்திரம் ஆண்டுக்கு ஆண்டு நேர்த்தி பெறுகிறது. பயிற்சியும் அவ்வாறே அன்றன்றைக்குப் பூர்த்தியாக வேண்டும். எதிர்காலத்து ஒரு நாளின் பொருட்டு இன்றைய நாளை வெறும் படிக்கட்டாக ஆக்கிக்கொண்டவருக்கு, அந்த எதிர்காலம் தள்ளிப் போகும்தோறும் கால் சோர்கிறது.

கேள்வி எதுவும் எழாத, செவியும் மனமும் சேர்ந்து களைத்துப்போன நாட்களும் வரத்தான் செய்யும். அத்தகைய நாட்களில் கால் மணி போதும் என்று நானே எனக்கு அனுமதி கொடுத்துவிடுகிறேன். புதிய உருப்படியை விட்டு, எப்போதோ பாடமான ஒன்றை எடுத்து, வழக்கமான காலத்தில் பாதிக் காலத்துக்குக் குறைத்து, ஒரு கையால் மட்டும் வாசிக்கிறேன். அப்படிக் காலத்தைத் தாழ்த்தும்போது ஒவ்வொரு ஒலியும் தேய்ந்து மறைவதைக் கேட்க அவகாசம் கிடைக்கிறது. பல சமயங்களில் அதிலிருந்தே மறுநாளைக்குரிய கேள்வி பிறந்துவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில், இரவு பத்து மணிக்குமேல், ஹெட்ஃபோனைச் செவியில் மாட்டிக்கொண்டு டிஜிட்டல் பியானோவின் முன் அமர்கிறவர்களுக்கும் இது பொருந்தும். வாத்தியம் எளியதாயினும், நாளுக்குக் கிடைக்கும் அவகாசம் சிறிதாயினும், கேட்கிற செவிக்கு அதில் விருந்து உண்டு.

பரீட்சைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரியும் ராயல் இசைப் பள்ளிகளின் கூட்டுச் சபையும் எட்டுக் கிரேடுகளாக வகுத்து நடத்தும் தேர்வுகளுக்குச் சென்னையில் ஆண்டுதோறும் குழந்தைகள் சிரத்தையோடு தயாராகிறார்கள். பாடத்தை ஒழுங்குபடுத்தவும், முன்பின் அறியாத ஒருவர் எதிரில் வாசிக்கும் தைரியத்தை அளிக்கவும் அவை உதவுகின்றன. ஆயினும் எட்டாவது கிரேடோடு பியானோவை மூடிவிட்டவர்கள் எத்தனையோ பேரை நம் நகரத்தில் காணலாம். தேர்வு என்கிற ஊன்றுகோல் நீங்கியதும் பயிற்சி விழுந்துவிடுவது அவர்களுடைய குற்றம் அன்று. எட்டுக் கிரேடுகளையும் ஏறி முடிக்கும் வரையில் தம் செவிக்காக வாசிக்கும் இன்பத்தை அவர்களுக்கு எவரும் அறிமுகப்படுத்தவில்லை என்பதே துயரம்.

எனவே, வீட்டில் ஒரு குழந்தை பியானோவிலிருந்து எழுந்து வரும்போது, எத்தனை நேரம் வாசித்தாய் என்று பெற்றோர் கேட்பதை நிறுத்தினால் நன்று என்பது என் வேண்டுகோள். அந்தக் கேள்விக்குக் கடிகாரமே பதில் சொல்லிவிடும்; குழந்தையின் உள்ளம் அதில் சம்பந்தப்படுவதில்லை. இன்றைக்கு நீ கேட்டது என்ன, நேற்றுக் கேளாத எது இன்று உன் காதில் விழுந்தது என்று வினவிப் பாருங்கள். தொடக்கத்தில் குழந்தை திகைக்கும்; சில நாட்களில், கேட்கப் போகிறார்கள் என்பதற்காகவேனும் காதைத் தீட்டிக்கொண்டு வாசிக்கும்; பின்னர் எவரும் கேளாவிட்டாலும் தானே ஓடிவந்து சொல்லும். அந்த நிலைக்கு வந்துவிட்ட குழந்தையை நாளைக்கு வாசி என்று ஒருவரும் ஏவ வேண்டியதில்லை. பெரியவர்களாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவேதான்.