சிடி டிரைவ் இல்லையா? பென் டிரைவை எடு!

சடையங்குப்பத்துத் தம்பி, தங்கையே! பீரோ மேல் தூசி படிந்து கிடக்கிறதே அரசு லேப்டாப், அதை இன்றைக்கே கீழே இறக்கு. "ஓஎஸ் போயிடுச்சு, சிடி டிரைவும் இல்ல, இனி தேறாது" என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டாயா? ஓஎஸ் என்ற இயங்குதளம் போனால் லேப்டாப் செத்துவிடாது. சிடியின் காலம்தான் செத்துப்போனது!

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற ஓஎஸ்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். அந்த பாஸ், நம்ம சென்னையில் சி-டாக் நிறுவனப் பொறியாளர்கள் உருவாக்கியது. இதே ஊரில் ஓஎஸ்ஸையே உருவாக்குகிறார்கள். உன்னால் ஒன்றை ஏற்ற முடியாதா?

8 ஜிபி பென் டிரைவ் போதும். நண்பனின் கணினியில், லினக்ஸ் ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை டவுன்லோடு செய். ரேம் 2 ஜிபிதான் என்றால் லுபுண்டு மாதிரி லேசானதாக எடு. அதைச் சும்மா காப்பி பண்ணினால் வேலைக்கு ஆகாது. ரூஃபஸ் மாதிரி ஒரு இலவச மென்பொருளால்தான் எழுத வேண்டும். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கல்யாண போட்டோ இருந்தால் முதலில் எடுத்து வை.

இப்போது பென் டிரைவைச் செருகு. பவர் பட்டனை அழுத்திய கையோடு எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இரு. லெனோவோவில் அதுதான், எச்பியில் எஃப்9. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் வரும். பல பேர் மூடி வைத்துவிட்டு எழுந்து போவது இங்கேதான். நீ போகாதே! மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த மறுநாள் சேற்றை வாரிக் கொட்டி, அடுப்பு மூட்டிய ஜனம் நாம். ஒரு கறுப்புத் திரைக்கா பயப்படுவது? அம்புக்குறியால் யுஎஸ்பி வரிக்கு இறங்கி என்டரைத் தட்டு!

முதலில் 'ட்ரை' கொடுத்துப் பார். வைஃபை பிடிக்கிறதா, சவுண்டு வருகிறதா? அதுவரை லினக்ஸ் ஹார்டு டிஸ்க்கில் கை வைக்காது. எல்லாம் சரியென்றால் 'இன்ஸ்டால்' கொடு. 'எரேஸ் டிஸ்க்' என்று கேட்கும் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். பழைய ஃபைல்களை எடுத்துவிட்டாய் என்று உறுதியானால்தான் அதைக் கொடு. சார்ஜரைக் கழற்றாதே, நம்ம ஏரியாவில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

முடிந்ததும் ரீஸ்டார்ட் கேட்கும். ரீஸ்டார்ட் கொடுத்து, பென் டிரைவை உருவிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் அவர் லேப்டாப்பை எடுத்துவரச் சொல். அதே பென் டிரைவ் அதற்கும் ஆகும்!