கடவுளின் சினம் யார்மேல்?

அன்பே கடவுள் என்று போதிக்கும் மதம், அதே கடவுளுக்குச் சினமும் உண்டு என்று சொல்லும்போது கேட்பவர் மனம் குழம்புவது இயல்பே. நீதியும் இரக்கமும் ஓரிடத்தில் எவ்வாறு குடியிருக்கும் என்று கிறிஸ்தவ அறிஞர்கள் நூற்றாண்டுகளாக விவாதித்து வந்துள்ளனர். ஏட்டின் முன் அமர்ந்து ஆராய்வோருக்கு இது ஒரு தத்துவச் சிக்கல். வன்னியில் வாழும் கிறிஸ்தவருக்கோ இது உயிரைத் தொடும் கேள்வி. 2009க்குப் பின் அங்கே கடவுளின் சினத்தைப் பற்றிப் பேச முற்படும் எவரும், அது யார்மேல் என்பதையும் சொல்லியே ஆகவேண்டும்.

இரண்டு மறுமொழிகள் வழக்கில் உள்ளன. எமக்கு நேர்ந்ததெல்லாம் எமது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்பது ஒன்று. கடவுள் அன்புமயமானவர், அவர் சினப்பதில்லை. ஆகவே நடந்ததை மறந்து மன்னிப்பதே நமது கடமை என்பது மற்றது. ஒன்றுக்கொன்று எதிரானவை போல் தோன்றினும் இவை வந்து சேரும் இடம் ஒன்றே. இரண்டிலும் கொடுமை இழைத்தவன் விசாரிக்கப்படுவதில்லை.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். 1999 நவம்பர் 20ஆம் நாள், மடுமாதா ஆலய வளவில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மேல் எறிகணைகள் வீழ்ந்தன. ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டனர். குழந்தைகளும் அதில் அடக்கம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வாரிக்கொண்டு போனது. 2009இன் முதல் ஐந்து மாதங்களில், பாதுகாப்பு வலயம் என அரசே அறிவித்த நிலத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாய் மடிந்தனர். 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் கூறியது. இவை யாவும் பாவத்தின் சம்பளமே என்பவர், பதுங்குகுழிக்குள் இறந்த பச்சிளங்குழந்தை செய்த பாவம் எதுவென்றும் சொல்லக் கடமைப்பட்டவர். கடலின் கொந்தளிப்பையும் மனிதன் குறிவைத்து ஏவிய எறிகணையையும் ஒரே கணக்கில் எழுதுகிறவர், ஏவியவனைக் கடவுளின் கையாளாக உயர்த்திவிடுகிறார் என்பதையும் உணரவேண்டும்.

இயேசு இந்தக் கணக்கை ஏற்கவில்லை. பலி செலுத்தச் சென்ற கலிலேயரை ஆளுநன் பிலாத்து கொன்ற செய்தி அவரிடம் வந்தது. அதனோடு சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்ததையும் அவர் சேர்த்துக்கொண்டார். ஒன்று அரசு செய்த கொலை, மற்றது விபத்து. இரண்டிலும், இறந்தவர்கள் ஏனையோரைவிடப் பெரும் பாவிகள் என்ற எண்ணத்தை அவர் மறுத்ததாக லூக்கா எழுதுகிறார். மனந்திரும்பும்படி அவர் எச்சரித்தது உயிரோடு நின்று கேட்டவர்களை. வழிபாட்டிடத்தில் கொலையுண்ட கலிலேயரை மடுவுக்குத் தெரியும்.

இனி இரண்டாவது. சினமற்ற கடவுளை விரும்பியவர்கள் முன்பும் இருந்தனர். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர், பழைய ஏற்பாட்டின் நீதிக் கடவுளை ஒதுக்கிவிட்டு, அன்பு மட்டுமே உடைய வேறொரு கடவுளைப் போதித்தார். உரோமைத் திருச்சபை 144ஆம் ஆண்டில் அவரை விலக்கியது. தன் பிள்ளையை ஒருவன் அடிக்கக் கண்டும் முகம் சிவக்காத தாயை அன்புள்ளவள் என்று நாம் சொல்வதில்லை. அநீதியின் முன் சினம் கொள்ளாத அன்பு, அநீதிக்கு இடம் கொடுக்கும் அன்பே.

பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் கடவுளின் நீதி வெளிப்படுவதை ஒரு வசனத்திலும், கடவுளின் சினம் வெளிப்படுவதை அடுத்த வசனத்திலும் வைத்தார். இரண்டுக்கும் வினைச்சொல் ஒன்றே. அச்சினம் யார்மேல் என்பதையும் அவர் மறைக்கவில்லை: அநீதியால் உண்மையை அமுக்கி வைப்போர்மேல்! புதைகுழியை மூடி, சாட்சியை மிரட்டி, ஏட்டைத் திருத்தி உண்மையை அமுக்கும் வித்தையை நம் நாடு நன்கு கற்றிருக்கிறது.

பிற்காலத்தில் இச்சினத்தின் முகம் மாறிற்று. 1098 அளவில் கன்ரபரிப் பேராயர் அன்செல்ம், பாவத்தைக் கடவுளின் மாட்சிக்கு நேர்ந்த இழுக்காகவும், சிலுவையை அந்த இழுக்குக்கான ஈடாகவும் விளக்கினார். பிரபுவின் மானத்துக்குக் குடியானவன் கடன்பட்டிருந்த நிலமானிய உலகில் இது எளிதில் விளங்கியது. ஆனால் மானங்கெட்ட பிரபுவின் சினம் வேறு. ஒடுக்கப்பட்டவனுக்காக எழும் சினம் வேறு. முன்னதைப் போதித்தால் ஏழை தன்னையே குற்றவாளியாக்கிக் குனிவான். பின்னதைப் போதித்தால் நிமிர்வான். கடவுளை நம்பாத வாசகருக்கும் இவ்வேறுபாடு முக்கியமானது.

வேதாகமத்தின் முதற் கொலைக் கதைக்குத் திரும்புவோம். ஆபேல் கொல்லப்பட்டபின் கடவுள் இடியை இறக்கவில்லை. தம்பி எங்கே என்று காயீனைக் கேட்டார். நான் என்ன அவனுக்குக் காவலாளா என்பது கொலைகாரனின் மறுமொழி. நிலத்திலிருந்து இரத்தம் முறையிடுவதாகக் கடவுள் சொன்னார். அவருடைய சினம் முதலில் ஒரு விசாரணையாகவே எழுந்தது என்று நாம் துணிந்து கூறுவோம்.

அதே கேள்வியைத்தான் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலும், பின்னர் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்து கேட்டனர். விடை காணாமலே இறந்துபோன தாய்மார் பலர். 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, காணாமற்போனோர் இறந்துவிட்டனர் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் தெரிவித்து, மரணச் சான்றிதழ் தருவது பற்றிப் பேசினார். காயீனின் மறுமொழி இன்னும் வழக்கொழியவில்லை. 2023இல் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க மண்ணை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு அகழ்வு நின்றபோது எண்ணிக்கை 52. நிலம் முறையிடுகிறது என்பது வன்னியில் உவமை அன்று.

இக்கேள்வியைக் கேட்ட குருமாரும் இருந்தனர். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், கச்சேரிக் கணக்குகளையே ஒப்பிட்டு, 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வினவினார். ஒரு கழித்தற் கணக்கு இறைவாக்காய் ஒலித்த நாள் அது. அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், 2009 மே 18ஆம் நாள் வட்டுவாகலில், சரணடைந்தவர்களோடு தாமும் இராணுவத்தின் பொறுப்பில் சென்றார். அவரும் திரும்பவில்லை.

அப்படியானால் மன்னிப்புக்கு இடமில்லையா? உண்டு. குற்றத்தைக் குற்றமென்று பெயரிட்ட பின்னரே மன்னிக்க முடியும். இழந்தவரே மன்னிக்க முடியும். தாயின் சார்பில் மன்னிக்கும் அதிகாரம் அரசுக்கும் இல்லை, பிரசங்கிக்கும் இல்லை. நாசிகளை எதிர்த்து 1945இல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர், மனந்திரும்புதல் கோராத அருளை மலிவான அருள் என்றார். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின் கர்தினால் மல்கம் ரஞ்சித், பழிவாங்கலைத் தடுத்தார், மன்னிப்பைப் பேசினார், நீதி விசாரணையையும் விடாது கோரினார். கொழும்புக்கு ஒன்றாகப் பொருந்தும் இவ்விரண்டும் வன்னிக்கு மட்டும் ஏன் பொருந்தக்கூடாது?

ஆயினும் கடவுளின் சினத்தை எம் கட்சிக் கொடியாக்கவும் முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். பிள்ளைகளைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தனர். இறுதி நாட்களில் தப்ப முயன்றோரைச் சுட்டனர் என்பதை மேற்சொன்ன நிபுணர் குழுவே பதிவு செய்துள்ளது. அங்கே கேட்கப்படும் கேள்வியும் இதுவே. அதை நாமே நம்மிடம் கேட்கவேண்டும்.

மதுரையை எரித்தவள் சினம் தணிந்து அமர்ந்ததாகச் சொல்லப்படும் வற்றாப்பளையில், வைகாசி தோறும் வன்னி மக்கள் கண்ணகிக்குப் பொங்குகின்றனர். அறச்சீற்றம் அவர்களுக்குப் புதிதன்று. கண்ணகியும் தீயை ஏவுமுன் அரசவையில் வழக்குரைத்தாள். ஏவியபோதும் குழந்தையையும் முதியோரையும் தீண்டாதே என்றாள். கிறிஸ்தவச் செய்தி இன்னும் ஓரடி செல்கிறது: நகரை எரிக்காமல், அரசு குற்றவாளியென்று கொன்றவனைக் கடவுள் உயிர்ப்பித்து அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார் என்கிறது. மீட்பு என்பது இதுவானால், அதைப் போதிக்கும் கோயில், தீர்ப்புக்குக் காத்திருக்கும் தாயின் பந்தலுக்கு வெளியே நிற்க முடியாது.