சினையாட்டின் நடை



திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறாகிய இன்று நாம் கேட்ட முதல் வாசகம், எசாயா நூலின் 40-ஆம் அதிகாரம். எருசலேம் இடிந்து, பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஊர் திரும்பும் நாள் தெரியாமல் கிடந்த மக்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் அது. பள்ளத்தாக்குகள் நிரம்பும், மலைகள் தாழும், ஆண்டவர் ஆற்றலோடு வருகிறார் என்று இறைவாக்கினர் முழங்குகிறார். அப்படி வருகிறவர், வந்ததும் என்ன செய்கிறார்? குட்டிகளைக் கையில் வாரி அணைத்துக்கொள்கிறார். சுமக்கிற ஆட்டையும் பால் கொடுக்கிற ஆட்டையும் மெல்ல நடத்திக்கொண்டு போகிறார். வாசகம் அங்கேயே முடிந்துவிடுகிறது. மலையைத் தாழ்த்துகிறவர் ஒரு தாய் ஆட்டுக்காகத் தம் நடையைக் குறைத்துக்கொள்கிறார். இன்று இந்த ஒன்றைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

கார்த்திகை பிறந்ததிலிருந்து நம் பங்கில் ஆடு வைத்திருக்கிற வீடுகளில் எல்லாம் சினையாட்டுப் பேச்சுதான். ஆனியில் கிடா சேர்ந்த ஆடுகளுக்கு இப்போது ஐந்து மாதம் நிறைகிறது. அடைமழையில் காடுகரை பச்சை பிடித்து, வேலியோரம் தழை மண்டிக் கிடக்கிறது. தாய்க்குத் தீனி கிடைக்கிற நல்ல காலம். ஆனால் ஈரமும் வாடையும் சேர்ந்தால் பிறந்த குட்டி தாங்காது.

பாலுக்காகத் தலைச்சேரி ஆடு வளர்க்கிற ஒரு குடும்பம் நம்மிடையே இருக்கிறது. அவர்களுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன். கணவன், மனைவி, படிக்கிற பிள்ளைகள், ஒரு பாட்டி. வீட்டுச் செலவு பெரும்பாலும் ஆட்டுப்பாலில்தான் ஓடுகிறது. அந்த வீட்டுச் சுவரில் தொங்குகிற காலண்டரில் சின்ன மகள் ஒவ்வோர் ஆட்டுக்கும் கிடா சேர்ந்த தேதியைக் குறித்து, அங்கிருந்து 150 நாள் எண்ணி, குட்டி போடுகிற நாளுக்கு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் யோபு நூலின் 39-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. மலையாடு ஈனுகிற காலம் உனக்குத் தெரியுமா, அது சுமக்கிற மாதங்களை நீ எண்ணியதுண்டா என்று கடவுள் யோபைக் கேட்கிறார். பிள்ளைகளை இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி, ஏன் இந்தத் துன்பம் என்று கதறிய மனிதரிடம் ஆட்டின் பேறுகாலத்தைப் பற்றியா பேசுவது என்று எனக்கு முன்பெல்லாம் தோன்றும். இப்போது வேறு மாதிரிப் படிக்கிறேன். மனிதர் கால் படாத பாறைச் சரிவில் ஓர் ஆடு வலி எடுத்துக் குனிகிறபோதும் அதற்கு நாள் எண்ணிக் காத்திருப்பவர் நான் என்கிறார் கடவுள். அவர் யோபின் நாள்களை எண்ணாமல் விட்டிருப்பாரா?

அந்தக் காலண்டரில் இன்னொரு குறியும் இருந்தது. குட்டி போட இரண்டு மாதம் இருக்கும்போதே கறவையை நிறுத்துகிற நாள் அது. கறந்தால் பால் வரும், பால் வந்தால் காசு வரும். ஆனாலும் கறப்பதில்லை. வயிற்றுக்குள் குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு, ஏழு வாரங்களில்தான் நடக்கிறது. இரட்டைக் குட்டி சுமக்கிற ஆட்டுக்கு அந்த நாள்களில் தீனி போதாவிட்டால், தன் உடம்புக் கொழுப்பையே கரைத்துக் கொடுக்கும். அது அளவு மீறினால் எழ முடியாமல் படுத்துவிடும், செத்தும் போகும். “இந்த ரெண்டு மாசமும் அது நமக்குச் சோறு போடாது ஃபாதர், நாமதான் அதுக்குப் போடணும்” என்றார் அந்த வீட்டுத் தாய்.

அவர் சொன்னதை நம் வீடுகளுக்குள் கொண்டுபோய்ப் பார்க்கிறேன், மனம் பொறுக்கவில்லை. எட்டு மாத வயிற்றோடு குடம் தூக்குகிற பெண்கள் இந்தப் பங்கில் இருக்கிறார்கள். வயிற்றுப்பிள்ளையோடு நாள் முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு வந்து, எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மீந்ததைச் சாப்பிடுகிற மருமகள்கள் இருக்கிறார்கள். சினையாட்டுக்குத் தனியாக அகத்தித் தழை ஒடித்துப் போடுகிற கை, சுமக்கிற பெண்ணின் தட்டில் ஒரு முட்டை வைக்க ஏன் தயங்குகிறது? கணவர்களே, மாமியார்களே, இதை உங்களிடம்தான் கேட்கிறேன்.

நேரம் நெருங்கினால் ஆடு மந்தையை விட்டுத் தனியே ஒதுங்கும். வால் அடியில் இரண்டு பக்கமும் குழி விழும், மடி இறுகும். முன்னங்காலால் தரையைப் பறிக்கும், படுக்கும், எழும், தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்துக் கத்தும். பனிக்குடம் உடைந்தபின் இரண்டு முன்னங்குளம்பும் அவற்றின்மேல் மூக்கும் தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. அப்போது ஆள் செய்யவேண்டியது பக்கத்தில் இருப்பது மட்டும்தான். அவசரப்பட்டு இழுத்தால் தாய்க்குக் காயம். நஞ்சுக்கொடியும் அப்படித்தான். சில மணி நேரத்தில் தானே விழும், தொங்குவதைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதே சமயம், குட்டியின் தலை உள்ளே மடங்கிக் கிடந்தாலோ, ஆடு நெடுநேரம் முக்கியும் ஒன்றும் வெளிவராவிட்டாலோ, சும்மா பார்த்துக்கொண்டிருப்பது பெரிய தப்பு. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். எப்போது பொறுப்பது, எப்போது கை நீட்டுவது என்பது இரவெல்லாம் உடனிருப்பவருக்குத்தான் தெரியும். பிள்ளை வளர்க்கிறவர்களுக்கும், குருவானவனாகிய எனக்கும் இதில் பாடம் இருக்கிறது. பாதி நேரம் நாம் இழுக்கக் கூடாத இடத்தில் இழுக்கிறோம், மீதி நேரம் பக்கத்திலேயே இருப்பதில்லை.

குட்டி விழுந்ததும் தாய் நக்கத் தொடங்குகிறது. அதில்தான் ஈரம் காய்கிறது, குட்டிக்கு மூச்சும் உணர்வும் வருகிறது, குட்டியின் வாசம் தாயின் நினைவில் பதிகிறது. அந்த முதல் நேரத்தில் இரண்டையும் பிரித்துவிட்டால் பிறகு தாயே குட்டியை முட்டித் தள்ளக்கூடும். அடுத்தது சீம்பால். மனிதக் குழந்தைக்குத் தாய் வயிற்றிலேயே நோயை எதிர்க்கிற சக்தி ஓரளவு வந்து சேர்கிறது. ஆட்டுக்குட்டிக்கு அப்படி இல்லை, அது காப்பு எதுவும் இல்லாமல் பிறக்கிறது. வேண்டியதெல்லாம் சீம்பாலில் இருக்கிறது. அதை அப்படியே உறிஞ்சிக்கொள்கிற திறன் குட்டியின் குடலுக்கு ஒரு நாள்தான் இருக்கும், அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். தாய்க்குத் துள்ளுமாரி தடுப்பூசி உரிய காலத்தில் போட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பும் இந்தப் பால் வழியாகவே குட்டிக்குப் போய்ச் சேர்கிறது.

இஸ்ரயேலரின் சட்டத்தில் இரண்டு கட்டளைகள் உண்டு. பிறந்த குட்டி ஏழு நாள் தாயோடு இருக்கட்டும், எட்டாம் நாள் முதலே அதைக் காணிக்கையாக்கலாம் என்பது லேவியர் நூலின் 22-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வெள்ளாட்டுக் குட்டியை அதன் தாயின் பாலிலேயே சமைக்காதே என்பது மூன்று இடங்களில் வருகிறது. ஆண்டவருக்கு உரிய காணிக்கைகூட அந்த ஏழு நாள் தள்ளி நிற்கிறது. கடவுளே காத்திருக்கிற இடத்தில் நமக்கு என்ன அவசரம்?

ஓர் ஆடு மூன்று குட்டி போட்டால் சங்கடம். காம்பு இரண்டுதான். திடமான இரண்டும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொள்ளும், மூன்றாவது ஓரத்தில் நின்று கத்தும். நான் போயிருந்த அன்று அந்த வீட்டுப் பாட்டி மூன்றாவது குட்டியைத் தன் முந்தானையில் பொதிந்து, மடியில் வைத்து, புட்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்தார். எசாயா சொன்ன ஆண்டவரை நான் அந்தத் திண்ணையில் பார்த்தேன்.

தொடக்க நூல் 33-இல், பல ஆண்டுகளுக்குப் பிறகு ஏசா தம் தம்பி யாக்கோபைச் சந்திக்க 400 ஆள்களோடு வருகிறார். சேர்ந்தே போகலாம் வா என்கிறார். யாக்கோபு மறுக்கிறார். பிள்ளைகள் சிறியவர்கள், ஆடுமாடுகள் பால் கொடுக்கிறவை, ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மொத்தமும் மடிந்துபோகும், நீங்கள் முன்னே போங்கள், நான் இவர்களுடைய நடைக்குத் தக்கபடி மெல்ல வருகிறேன் என்கிறார். அண்ணனுக்குப் பயந்து சொன்ன சாக்கு அது என்பாரும் உண்டு. இருக்கட்டும். ஆனால் அவர் சொன்ன கணக்கு பொய்யில்லை. மாமனார் லாபானிடம் 20 ஆண்டு உழைத்ததில் உம்முடைய ஒரு பெட்டையாடுகூடக் குட்டி கலைந்து போகவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன மேய்ப்பர் அவர்.

இரண்டாம் வாசகத்தில் பேதுரு சொல்வதும் இதைத்தான். ஆண்டவர் வரத் தாமதிக்கிறார் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அது தாமதமில்லை, பொறுமை, ஒருவரும் அழிந்துபோகக் கூடாது என்று அவர் பொறுத்திருக்கிறார் என்கிறார். வாக்களித்த நாள் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். பின்னால் ஒரு தாய் ஆடு இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது.

வெள்ளாடு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மத்தேயு 25-இல் வெள்ளாடுகள் இடப்பக்கம் நிறுத்தப்படுவதைக் கேட்டு உங்களில் சிலர் வருத்தப்பட்டதுண்டு. பாஸ்கா ஆடு செம்மறியாகவும் இருக்கலாம், வெள்ளாடாகவும் இருக்கலாம் என்று விடுதலைப் பயண நூல் 12-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆண்டவர் வெறுத்த உயிர் அல்ல அது. அந்த உவமையில் மனிதரைக் குற்றவாளியாக்குவது, பசித்தவரையும் நோயாளியையும் கண்டும் காணாமல் போனதுதான்.

ஆகவே, இந்தத் திருவருகை நாள்களில் மூன்று காரியங்கள் கேட்கிறேன். சுமக்கிற பெண்ணும் பிள்ளை பெற்ற பெண்ணும் உள்ள வீடுகளில் அவர்கள் முதலில் சாப்பிடட்டும். நம் பவனியில் இளைஞர்கள் முன்னால் ஓடாமல், கோலூன்றி வருகிற பாட்டிமாரின் நடைக்கு நடக்கட்டும். மூன்றாவது, கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலி. எல்லாரும் வரவேண்டும் என்று எனக்கு ஆசைதான். ஆனால் அன்றிரவு உங்கள் பட்டியில் ஓர் ஆட்டுக்கு நேரம் நெருங்கியிருந்தால் அதை விட்டுவிட்டு வராதீர்கள். குட்டி பிறந்து, காய்ந்து, சீம்பால் குடிக்கும்வரை உடனிருங்கள். மறுநாள் காலை 8 மணிக்கும் திருப்பலி உண்டு, அதற்கு வாருங்கள்.